கம்பி போடாத ஒழுங்கையில் கறள்

அத்தியாயம் ஏழு

மண்வாரும் பெக்கோ இயந்திரம் காலை ஒன்பது மணிக்கே நங்கூர ஒழுங்கை என்ற குறுந்தெருவுக்குள் வந்து, பரீதாவின் வாசலுக்கு நேரே கையை மடக்கிக்கொண்டு நின்றுவிட்டது. முன்சுவரை இடிக்க வேண்டிய நேரம் பின்னேரம் இரண்டு மணி. ஐந்து மணித்தியாலம் முந்தியே அதைக் கொண்டுவந்து நிறுத்தியவனின் மனதைத் தனஞ்சயன் ஒரே வசனத்தில் விளக்கினான்.

"கோழியை அறுக்க முதல் கத்தியைக் காட்டுறாங்கள், மிஸ். கோழி தானாச் செத்துப்போனால் அறுக்கிற வேலை மிச்சம்."

சோபனா சிரிக்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலை மூன்றாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்று, ஊரார் சொன்ன பொய்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கிக் கொடுத்துக் களைத்தவள் அவள். பிறகு துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒரு வலைக்கடையின் மேல்மாடியில், இரண்டு கதிரையும் ஒரு அலுமாரியும் போட்டுத் துப்பறிய உட்கார்ந்தாள். தனஞ்சயன் பதினெட்டு வருடம் கொங்கிறீற் சுமந்தவன். இடுப்புப் போன பிறகு அவளிடம் உதவிக்கு வந்தவன். இடுப்பு போனதே தவிர வாய் போகவில்லை.

அறிவித்தலில் இருந்தது சின்ன விசயம்தான். நங்கூர ஒழுங்கையின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் இருபது அடிக்குள் சுவரோ தூணோ நிற்கக் கூடாது. அதுதான் கட்டடக் கோடு. பரீதாவின் முன்சுவர் பதினேழு அடியில் நிற்கிறது. மூன்று அடி மீறல். ஆகவே அகற்றப்படும்.

முன்சுவர்தான் கூரையின் வளைமரத்தைத் தாங்குகிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் பரீதா இடியப்பம் அவித்து விற்கிறாள். அந்த இடியப்பத்தில்தான் இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"மூணு அடிதானே ராத்தா எண்டு சொல்றாங்க, மிஸ்" என்றாள் பரீதா. இடியப்ப உரலைக் கையில் வைத்திருந்தாள், யாருடைய தலையிலாவது போடுவதற்குப் போல. "மனுசன்ட கழுத்து எத்தின அங்குலம்? அத வெட்டினா மிச்சம் நிக்குமா?"

நாற்பது வருடத்துக்கு முன் அவளுடைய வாப்பா நகரசபையில் அனுமதி எடுத்து, உத்தியோகத்தரைக் கூட்டி வந்து, நாடா பிடித்து, சரியாக இருபது அடி தள்ளித்தான் அந்தச் சுவரைக் கட்டினார். அப்படித்தான் அவள் சொன்னாள். அனுமதிக் கடிதம் சுனாமியோடு போய்விட்டது. சுவர் மட்டும் நின்றது.

தனஞ்சயன் நாடாவை விரித்து நடுக்கோட்டிலிருந்து அளந்தான். பதினேழு. மறுபடியும் அளந்தான். பதினேழுதான். நாடாவைத் திட்டிவிட்டு மூன்றாம் முறை அளந்தும் அது திருந்தவில்லை.

அதோடு அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஒண்டு சொல்லவேணும், மிஸ். இந்த ஒழுங்கைக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னம் கொங்கிறீற் போடேக்க முளை அடிச்சு நூல் பிடிச்சது நான்தான். பன்னிரண்டு அடி அகலம், நூல் பிடிச்ச நேர். இதில ஒரு விரற்கடை பிழை எண்டால் என்ர காதை அறுங்கோ."

பரீதா உரலைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், ஆனால் தனஞ்சயனுக்கு அது நெஞ்சில் வைத்தது போல இருந்தது.

"அப்ப என்ட சுவர்தான் நடந்து வந்திச்சா, தம்பி?"

உதவி செய்ய வந்தவனே எதிர்ப்பக்கத்துச் சாட்சியாகிவிட்டான். தான் சொன்னது உண்மை. அவள் சொன்னதும் உண்மை போலத்தான் தெரிந்தது. இரண்டு உண்மைக்கு நடுவே மூன்று அடி காணாமல் போயிருந்தது.

சோபனா கைப்பையிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்தாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, ஐந்து கிழமை காத்திருந்து, அன்று காலைத் தபாலில் வந்த தாள் அது. ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம் நான்கு மாடியில் எழும்பி நிற்கும் ஹஸ்மி முதலாளியின் உல்லாச விடுதிக்குச் சபை அனுமதித்த வரைபடம்.

"இந்த ஒழுங்கையில எல்லாரும் எங்கையிருந்து அளக்கினம்?" என்று கேட்டாள்.

"நடுவில இருந்து. வேற எங்கையிருந்து?"

"நாங்கள் நடுவை விட்டிட்டு அளப்பம். பரீதா ராத்தாவின்ர சுவரில ஒரு நுனியைப் பிடியுங்கோ. நான் மற்ற நுனியோட விடுதித் தூணுக்குப் போறன்."

விடுதி வாசலில் நின்ற காவலாளி குறுக்கே வந்தான். உள்ளே போக ஏலாது, முதலாளியின் உத்தரவு என்றான். சோபனா உள்ளே போகவில்லை, தூணைத் தொட மட்டும்தான் வந்தேன் என்றாள். தூணைத் தொடுவதற்கும் உத்தரவு வேண்டும் என்று அவன் சொல்ல, ஒழுங்கைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தனஞ்சயன் குரல் கொடுத்தான். "தொடட்டும் விடு அண்ணை. தூண் வெக்கப்படாது."

அந்த ஆள் சிரித்துவிட்டான். அதற்குள் சோபனா அளந்துவிட்டாள்.

முப்பத்தேழு அடி.

நீலத் தாளில் அதே சுவருக்கும் அதே தூணுக்கும் இடையில் ஒரு கோடு கீறி, பக்கத்தில் நாற்பது என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது.

"தாளில நாப்பது, தரையில முப்பத்தேழு" என்றான் தனஞ்சயன். "மிச்ச மூண்டும் படகேறி மூதூருக்குப் போட்டுதோ?"

"ரெண்டு கட்டடத்தில ஒண்டு முன்னுக்கு வந்திருக்கு. எதெண்டு உங்கட ஒழுங்கைதான் சொல்லவேணும். நீங்கள் அது நேரெண்டுறியள். நேரெண்டால் பரீதா ராத்தாவின்ர வாப்பா பொய்யர்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

*

ஓட்டோவில் ஏறி அநுராதபுரச் சந்திப் பக்கம் போனார்கள். வழியில் மான்கூட்டம் ஒன்று வீதியை மறித்துக்கொண்டு, மதிலில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கடித்துத் தின்றுகொண்டு நின்றது. சாரதி கோர்ண் அடித்தும் அசையவில்லை. பரீதாவின் கதவிலும் இரண்டைக் கட்டிவிட்டிருக்கலாம் என்றான் தனஞ்சயன், பாதிப் பகிடியாக, பாதி எரிச்சலாக.

ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்ட ஒப்பந்தக்காரன் ரஜீவன். அவனுடைய கல்லறுக்கும் முற்றத்தில் சீமெந்துக் கற்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தனஞ்சயன் அவனிடம் பதினொரு வருடம் வேலை செய்தவன். இன்னும் "பாஸ்" என்றுதான் கூப்பிடுவான். கூப்பிடும்போது இன்னும் முதுகு தானாகக் கொஞ்சம் வளையும்.

ரஜீவன் கதிரை எடுத்துப் போட்டான், தேத்தண்ணி போடச் சொன்னான், இடுப்பு எப்படி என்று விசாரித்தான். சோபனா விசயத்தைச் சொன்னதும் அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை. சபை காட்டிய பழைய ஒழுங்கைக்கு மேலேதான் கொங்கிறீற் போட்டதென்றும், ஒரு அங்குலம்கூட அங்கே இங்கே விலகவில்லையென்றும் சொன்னான்.

"என்ன மிஸ், சாட்சியைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு என்னட்டக் கேக்கிறியள். முளை அடிச்சதே இவன்தான்." பிறகு கல்லறுத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "டேய், எட்டடிக்காரன் வந்திருக்கிறான், பாருங்கோடா."

கல்லறுத்தவர்கள் சிரித்தார்கள். அது பழைய பகிடி. எல்லாரும் பத்தடிக்கு ஒரு கம்பி முளை அடிப்பார்கள். தனஞ்சயன் மட்டும் எட்டடிக்கு ஒன்று அடிப்பான். பத்தடி இடைவெளியில் நூல் தொய்யும் என்பது அவனுடைய பிடிவாதம். கம்பித் துண்டை வீணாக்குகிறான் என்று ரஜீவன் அதற்காக அவனைத் திட்டாத நாள் இல்லை. ஊரில் வேறு எவனும் அப்படி அடிப்பதில்லை என்று இப்போதும் சொல்லிச் சிரித்தான்.

சோபனா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, கொங்கிறீற் ஊற்றியதும் அன்றைக்கேயா என்று விசாரித்தாள். அடுத்த நாள் என்றான் ரஜீவன். அப்போது தனஞ்சயன் அங்கே இல்லை, சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்துக்குள் சுவர் கட்டும் வேலைக்கு அன்று விடியவே அவனை அனுப்பிவிட்டதாகச் சொன்னான். நிழல் வேலை, நல்ல சம்பளம், மூன்று மாதம். ஒரு தொழிலாளி மேல் ஒரு பாஸுக்கு அக்கறை இருக்கக் கூடாதா என்றும் கேட்டான்.

"மணல்?" என்றாள் சோபனா.

"ஆத்து மணல்தான், மிஸ். கடல் மணல் நாங்கள் கையாலயும் தொடமாட்டம்."

கல்லறுத்தவர்களில் ஒருவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். தனஞ்சயன் அதைக் கவனித்தான். சோபனா கவனித்தாளா என்று தெரியவில்லை.

எழும்பும்போது ரஜீவன் தனஞ்சயனின் தோளில் கை போட்டான். இரண்டு மணிக்குத் தானும் அங்கே வருவதாகவும், உத்தியோகத்தருக்கு முன்னால் இதையே இரண்டு பேருமாகச் சொல்லிவிட்டால் விசயம் முடிந்தது என்றும் சொன்னான். தனஞ்சயன் தலையை ஆட்டினான். பழக்கதோசம்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் சோபனா கேட்டாள். "சீனன்குடா வேலைக்கு அவருக்கு நன்றி சொன்னியளோ?"

"சும்மாவோ? கிண்ணியாவில இருந்து நண்டு வாங்கிக்கொண்டு வீட்டை போய்க் குடுத்தனான். அஞ்சு நண்டு, எல்லாம் கறுத்த நண்டு."

"ஒராளுக்கு ஏன் திடீரெண்டு நல்ல வேலை கிடைக்கும்?"

"நல்லா வேலை செய்தால் கிடைக்கும்."

"இல்லாட்டி?"

அவனுக்குச் சுள்ளென்று ஏறியது. ஏழையின் வாழ்க்கையில் ஒரு நல்லது நடந்தால் அதற்குள்ளும் விரலை விட்டுக் கிண்ட வேண்டுமா என்று கேட்டான். படித்தவர்களுக்கு எல்லாம் சூதாகத்தான் தெரியும் என்றான். சோபனா வெளியே உள்துறைமுகத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மறுத்திருந்தால் அவன் சண்டை பிடித்திருப்பான். பேசாமல் விட்டதால், அந்தக் கேள்வி ஒழுங்கை வரும்வரை அவனுக்குள் மீன்முள்ளுப் போலக் குத்திக்கொண்டே வந்தது.

*

ஒன்றரை மணிக்கு ஒழுங்கை நிறையச் சனம். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆனந்தராசா, கோப்பும் நாடாவுமாக நின்றார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தாளில் இல்லாத ஒன்று உலகத்தில் இல்லை என்று நம்புகிறவர். ரஜீவன் வந்து பெக்கோவின் நிழலில் நின்றான். ஹஸ்மி முதலாளி வெள்ளைச் சேட்டோடு விடுதியிலிருந்து இறங்கி வந்து, பரீதாவிடம் மிக மெதுவாகக் கதைத்தார். ராத்தா கவலைப்பட வேண்டாம், வேறு ஒரு வீடு நான் பார்த்துத் தருவேன், சுவர் போனாலும் மனுசர் இருக்கிறோம்தானே என்றார்.

சோபனா நீலத் தாளை உத்தியோகத்தரிடம் நீட்டினாள். அவர் தானே அளந்து பார்த்தார். முப்பத்தேழு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, மூண்டு அடி காணேல்லை. ஆனால் அதை ஆர் எடுத்தது எண்டு இந்தத் தாள் சொல்லாது, தங்கச்சி. நடுக்கோட்டில இருந்து பாத்தால் விடுதித் தூண் இருபது அடியில நிக்குது. இவவின்ர சுவர் பதினேழில நிக்குது. ஒழுங்கை சரியாய் இருக்கும்வரைக்கும் பிழை இவவிலதான்."

ஒழுங்கை சரி என்று ரஜீவன் சொன்னான். முளை அடித்தவனே இங்கே நிற்கிறான், கேளுங்கள் என்று தனஞ்சயனைக் காட்டினான்.

எல்லார் முகமும் அவனிடம் திரும்பியது. பரீதாவின் முகம் மட்டும் திரும்பவில்லை. அவள் உள்ளே போய், இடியப்பச் சட்டியில் ஆறிக் கிடந்த அவித்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஹஸ்மி முதலாளியின் காலடியில், வெள்ளைக் காற்சட்டை நனையும்படி, ஒரே வீச்சில் ஊற்றினாள்.

"வீடு பாத்துத் தாற மூஞ்சியப் பாரு."

சனம் பின்வாங்கியது. தண்ணீர் கொங்கிறீற்றில் பரவி அதைக் கறுப்பாக்கியது. சோபனா முதலாளியைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். பிறகு வாளியோடு வாசலில் இருந்த குழாய்க்குப் போய், தானே இன்னும் நாலு வாளி கொண்டுவந்து ஒழுங்கை நீளத்துக்கு ஊற்றினாள். மிஸ்ஸுக்கு வெயில் பிடித்துவிட்டது என்றுதான் தனஞ்சயன் முதலில் நினைத்தான்.

"தனஞ்சயன், இந்த ஒழுங்கைக்குக் கம்பி போட்டதோ?"

"ஒழுங்கைக்கு ஆர் மிஸ் கம்பி போடுறது? வெறும் சல்லியும் சீமெந்தும்தான்."

"அப்ப இது என்ன கறள்?"

நனைந்த கொங்கிறீற்றில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஒரு செம்மண் நிறத் துருப் பொட்டு. அதைச் சுற்றி மயிரிழைபோல வெடிப்பு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. காய்ந்திருக்கும்போது தூசிக்குள் மறைந்து கிடந்தவை, நனைந்ததும் நூல் பிடித்ததுபோல ஒரே நேராக எழும்பி நின்றன. ஒழுங்கையின் கரையில் அல்ல. பரீதாவின் பக்கத்துக் கரையிலிருந்து மூன்று அடி உள்ளே.

தனஞ்சயன் குந்தினான். இடுப்பு வலித்ததைக் கவனிக்கவில்லை. முதல் பொட்டிலிருந்து இரண்டாவதுக்கு நாடாவைப் பிடித்தான். எட்டு அடி. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு. எட்டு அடி.

அவனுடைய வேலைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடித்த முளையைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் வேலை செய்கிறவனுக்குக் கை கால் முறியும். அதனால் தேவையில்லாத முளையைச் சம்மட்டியால் மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, மேலே கொங்கிறீற்றை ஊற்றிவிடுவார்கள். பாஸ் சொன்னாலும் பிடுங்கமாட்டார்கள்.

இறக்கிவிட்ட முளைகள் அவனுடையவை. அவன் அடித்தது ஒழுங்கையின் கரையில். இப்போது அவை ஒழுங்கைக்கு உள்ளே நிற்கின்றன. முளைக்குக் கால் இல்லை.

விடிய முன்னம் வந்து எழுப்பிச் சீனன்குடா லொறியில் ஏற்றிவிட்ட பாஸின் முகம் அவனுக்கு ஞாபகம் வந்தது. நிழல் வேலை. நல்ல சம்பளம். அன்றைக்கு அவன் இங்கே நின்றிருந்தால், நூல் ஏன் மாறிக் கிடக்கிறது என்று வாயைத் திறந்திருப்பான். அதற்காகத்தான் அந்த நிழல். அதற்குத்தான் அவன் நண்டு கொண்டுபோய்க் கொடுத்தான். அஞ்சு நண்டு.

"அலவாங்கைத் தா" என்று பெக்கோவில் கிடந்த கடப்பாரையைக் காட்டிச் சாரதியிடம் கேட்டான். அவனுடைய குரல் அவனுக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது.

கறள் ஊதிப்பெருத்து வெடிக்கவைத்த இடம். நாலு குத்தில் மேலோடு கழன்றது. ஒரு விரற்கடை கீழே, அரை அங்குலக் கம்பித் துண்டின் தலை, சம்மட்டி அடியில் நசிந்து, சிவந்து கிடந்தது. உத்தியோகத்தர் குனிந்து பார்த்தார். உடைந்த கொங்கிறீற் துண்டைக் கையில் எடுத்து உரசினார். மணலுக்குள் சின்னச் சின்னச் சிப்பித் துண்டுகள் மினுங்கின.

"ஆத்துக்குள்ள சிப்பி விளையுதோ, பாஸ்?" என்றான் தனஞ்சயன். "நல்ல மணல் போட்டிருந்தால் இந்தக் கம்பி இன்னும் பத்து வருசத்துக்கு வாய் திறந்திருக்காது. நீ களவாய்ப் போட்ட கடல் மணலின்ர உப்புத்தான் உன்ர மற்றக் களவைக் காட்டிக் குடுத்தது."

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவன் ரஜீவனை "நீ" என்றான்.

அந்த முளைகள் வேறு எதற்கோ அடித்தவை, யாரோ அடித்தவை என்றான் ரஜீவன். சோபனா அவனை ஒரு கணம் பேசவிட்டாள். பிறகு, எட்டடிக்கு முளை அடிக்கிறவன் இந்த ஊரில் ஒருவன்தான் என்று இன்று பதினொரு மணிக்கு, கல்லறுக்கிற ஆறு பேருக்கு முன்னால் யார் சொன்னது என்று கேட்டாள். ரஜீவன் பெக்கோவின் நிழலை விட்டு மதில் பக்கம் ஒதுங்கினான்.

உத்தியோகத்தர் நாடாவை எடுத்தார். கறள் வரிசை பழைய ஒழுங்கையின் கரை. பன்னிரண்டு அடி ஒழுங்கைக்கு நடு அங்கிருந்து ஆறு அடி. சோக்கட்டியால் கோடு கீறினார். அந்தக் கோட்டிலிருந்து பரீதாவின் சுவர் இருபது அடி. விடுதித் தூண் பதினேழு அடி.

"நாலு மாடித் தூணை நகர்த்த ஏலாது" என்றாள் சோபனா, சனத்துக்கும் கேட்கும்படி. "அதனால றோட்டை நகர்த்தியிருக்கினம். தூண் பிழையான இடத்தில எழும்பினதுக்குப் பிறகு, நடுக்கோட்டைத் தூக்கித் தூணுக்குத் தோதா வைச்சிருக்கினம். எல்லாரும் நடுவில இருந்துதானே அளப்பினம்."

"இவவின்ர சுவரை ஏன் இடிக்கவேணும்?" என்று ஆனந்தராசா கேட்டார். உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "பேசாமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"இந்த ஒழுங்கையில மிஞ்சிக் கிடக்கிற பழைய பொருள் அந்தச் சுவர் ஒண்டுதான், ஐயா. ஆராவது ஒருநாள் சுவரில இருந்து தூணுக்கு நாடா பிடிச்சால் கதை முடிஞ்சுது. சாட்சி உயிரோட நிக்கக் கூடாதெண்டுதான் சாட்சிக்குப் பெக்கோ வந்தது."

பரீதா சோக்கட்டிக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று அவள் முகம் மாறியது.

"யா அல்லா. வேலி."

வேலியின் கதையை அவள் அப்போதுதான் சொன்னாள். கொங்கிறீற் போடுவதற்கு முதல்நாள் பின்னேரம் ஹஸ்மி முதலாளி வந்து, கலவை லொறி திரும்ப இடமில்லை, ஒரு கிழமைக்கு வேலியை நாலடி உள்ளே தள்ளித் தாருங்கள் ராத்தா, ஊருக்கு நல்ல வேலை என்று கேட்டிருக்கிறார். அவளும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து வேலிக் கதியால் கம்புகளைப் பிடுங்கி, இருட்ட முன்னம் உள்ளே நட்டிருக்கிறார்கள். அடுத்தநாள் கொங்கிறீற் போட வந்த எல்லாருக்கும் பிட்டு அவித்துக் கொடுத்திருக்கிறாள். ஒழுங்கை தன் பக்கமாக அகண்டு வந்ததைப் பார்த்து, ஊருக்கு வழி பெருத்தது என்று சந்தோசமும் பட்டிருக்கிறாள். மற்றப் பக்கத்தில் குறைந்த மூன்று அடியில் முதலாளி கல் பதித்துப் பூச்சட்டி வைத்துவிட்டார்.

"என்ட காணியில என்ட கையால வழி விட்டுக் குடுத்து, அவங்களுக்குப் பிட்டும் போட்டன்" என்றாள். "தின்டுட்டுத்தான் என்ட வீட்ட இடிக்க வந்திருக்காங்க."

ஹஸ்மி முதலாளி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு விடுதிக்குள் போனார். நனைந்த காற்சட்டை தொடையோடு ஒட்டியிருந்தது. ஒருவரும் மறிக்கவில்லை. தூணை அவர் தூக்கிக்கொண்டு போக ஏலாது.

ஆனந்தராசா கோப்பைத் திறந்து, பெக்கோவின் சில்லில் வைத்து எழுதினார். விடுதிக்கு நிறைவுச் சான்றிதழ் கொடுக்க ஏலாது என்றும், தூண்களைத் திரும்ப அளக்க வேண்டும் என்றும் ஒரு பக்கம் எழுதினார். பிறகு பரீதாவின் அறிவித்தலை எடுத்து அதன் குறுக்கே ஒரு வரி எழுதி அவளிடம் நீட்டினார்.

அவள் வாசித்தாள். நீட்டிய தாளை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இடைநிறுத்தப்படுகிறது எண்டு போட்டிருக்கீங்க. நிறுத்தினா நாளைக்கு ஆரும் வந்து திரும்பத் தொடங்கலாம். பிழை எண்டு எழுதுங்க."

சபைத் தாளில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்றார் அவர். விசாரணை முடியட்டும் என்றார். மேலிடம் இருக்கிறது என்றார். ஒவ்வொன்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆனால் நகரவில்லை. சனமும் நகரவில்லை. பெக்கோ சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அவளுக்குப் பின்னால் நின்றான்.

"என்ட வாப்பா பொய்யன் எண்டு ரெண்டு மாசம் என்ட கதவில ஒட்டிக் கிடந்திச்சு, ஐயா. போறவாறவன் எல்லாம் வாசிச்சான். அத அழிக்க உங்கட்ட எழுத்து இல்லையா?"

ஆனந்தராசா மறுபடியும் பேனையைத் திறந்தார். பிறகு எழுதியதை வெட்டிவிட்டு எழுதினார். இந்த அறிவித்தல் பிழையான அளவின் மேல் வழங்கப்பட்டது. மீளப்பெறப்படுகிறது. கையெழுத்து. திகதி. இறப்பர் முத்திரை.

"சாட்சிக்கு ஒராள் வேணும்" என்றார்.

சோபனா தனஞ்சயனைப் பார்த்தாள். அவன் தாளையும் பேனையையும் வாங்கினான். ஆனால் எழுதவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு, மதிலோரமாக மெல்ல நழுவிக்கொண்டிருந்த ரஜீவனுக்கு முன்னால் போய் நின்றான். முதுகு வளையவில்லை. தாளை மதிலில் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பேனையை நீட்டினான்.

"சாட்சிக் கையெழுத்தைப் போடுங்கோ பாஸ்" என்றான். "நேராப் போடுங்கோ."